கம்பாலா லோடு

ஜன்னல் ஓரமா நீங்க உக்காருங்க அண்ணாச்சி. எனக்கு எங்கன்னாலும் ஒண்ணுதான். அந்தப் பையை மட்டும் மிதிச்சிராதீக, உள்ள பத்திரிகை இருக்கு. இந்தாங்க, நீங்களும் ஒண்ணு வச்சுக்கிடுங்க. முன்னப் பின்ன தெரியாத ஆளு எதுக்குப் பத்திரிகை குடுக்கான்னு பாக்காதீக. நல்ல காரியம்னா நாலு பேரக் கூப்பிடணும். வாற ஞாயித்துக்கெழம, சங்கரங்கோயில்ல, மண்டபத்துல. எம் பொண்ணுக்குச் சடங்கு. அட்டையில இருக்கால்லா, அவதான். மிருதுளா. பதிமூணு வயசு. பட்டுச் சேலையில படம் எடுத்துப் போடலாம்னா பிள்ளை நிக்கவே மாட்டேன்னுட்டா. ஸ்கூல் அடையாள அட்டைப் படத்தைப் பெருசாக்கிப் போட்டுட்டேன். அதான் உம்முன்னு இருக்கா.

பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஃப்ளெக்ஸ் பாத்திருப்பீகளே? பன்னெண்டு அடிக்கு எட்டு அடி, இதே படந்தான். கீழ கோமதிநாயகம், ஆப்பிரிக்கான்னு போட்டிருக்கும். அது நான்தான்.

எல்லாம் இருக்கு, பொண்ணுதான் ஊர்ல இல்ல. புளியங்குடியில அவ மாமன் வீட்டுல போயி உக்காந்துட்டா. அவ அம்மையும் பின்னாலயே போயிட்டா. சடங்கு வேண்டாங்கா, மேடையில ஏற மாட்டேங்கா. தாய்மாமன் சீர் கொண்டாற வேண்டியவன், அவன் வீட்டுலயே ஒளிச்சு வச்சிருக்கான். இன்னைக்கு எப்படியும் கூட்டிட்டு வந்துரணும். இல்லைன்னா ஞாயித்துக்கெழம அம்புட்டு சனத்துக்கு முன்னால நான் தனியா நின்னு, என்னன்னு சொல்ல? நீங்களே சொல்லுங்க. படிச்சவுக மாதிரி இருக்கீக. நான் முழுசா சொல்லுதேன், கேட்டுட்டு, எம்மேல என்ன தப்புன்னு சொல்லுங்க.

நான் உகாண்டாவுல ஏழு வருசமா இருக்கேன். எம்பாலேன்னு ஒரு ஊரு, மலையடிவாரம். பச்சைப் பசேர்னு நம்ம குத்தாலம் மாதிரி இருக்கும். அங்கன ஒரு சோப்புக் கம்பெனி, மொதலாளி குஜராத்திக்காரரு. நான் ஸ்டோர் இன்சார்ஜ். எந்த லாரி எங்க போகணும், எவன் கூடப் போகணும், எவ எந்த மேசையில பேக்கிங் பண்ணணும், எல்லாம் நான் எழுதி ஒட்டுததுதான். இங்க வந்தா எம் பொஞ்சாதி எந்திரின்னா எந்திரிக்க வேண்டியிருக்கு. அங்க நூத்தி நாப்பது பேரு என் பேப்பரைப் பாத்துத்தான் எந்திரிப்பான்.

லோடிங் மேஸ்திரி ஒருத்தன் இருந்தான். பேரு கிடுடு. நான் கிடுகிடுன்னுதான் கூப்பிடுவேன். முப்பத்தாறு வயசு, கதவு உசரம், சத்தம் போட்டுப் பேச மாட்டான். தொழில்ல சுத்தம். அதைச் சொல்லணும்லா, நான் ஞாயமான ஆளு. நாப்பது பெட்டி எண்ணாம அடுக்குவான், எண்ணிப் பாத்தா நாப்பது இருக்கும்.

எனக்கு ஒருதரம் மலேரியா வந்துச்சு. பொழைப்பேன்னு நெனைக்கல. மூணு நாளு என்ன நடந்ததுன்னே தெரியாது. வயிறு வேற போயி, போர்வை துணிமணி எல்லாம் கெட்டுப் போச்சு. அவன்தான் தோள்ல தூக்கிட்டுப் போயி ஊசி போட வச்சான், அவன்தான் தண்ணி ஊத்திக் கழுவி விட்டான்னு பொறவு வாச்மேன் சொன்னான். கண்ணு முழிச்சுப் பாத்தா போர்வை வெள்ளை வெளேர்னு மடிச்சு தலைமாட்டுல இருக்கு. யார் துவைச்சாகளோ. சரி, அந்த ஊர்ல ஒருத்தருக்கொருத்தர் அப்படித்தான். அதைப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல.

அந்த ஜனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு அண்ணாச்சி. ரெட்டைப்படை வருசத்துல ஆகஸ்ட்டு வந்தா மேளம் ஆரம்பிச்சிரும். பதினெட்டு இருவது வயசுப் பயலுவளுக்கு மாவைக் குழைச்சு மூஞ்சியில பூசி, தொடையில மணி கட்டி, ஊரெல்லாம் ஆட விடுவாக. பொறவு ஒரு நாள் வாசல்ல நிறுத்தி வெட்டுவாக. சுன்னத்துதான். ஆனா மறைவு கிடையாது, மயக்க மருந்து கிடையாது. ஆம்பள பொம்பள, சொந்தம் சுருத்து எல்லாம் சுத்தி நிக்கும். பயல் ஒரு கம்பைப் பிடரிக்குப் பின்னால ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நேரா நிக்கணும். ஒத்தை இமை ஆடக் கூடாது. ஆடுனான்னா அவன் வம்சத்துக்கே கேவலம். நின்னுட்டான்னா அன்னையிலேருந்து ஆம்பளை. அதைச் செய்யாதவன் எம்பது வயசானாலும் சின்னப் பயதான். பெரியவுக கூட உக்காந்து குடிக்கக் கூடாது, சொத்துல பங்கு கேக்கக் கூடாது. அவனைக் கட்டுனவளும் தலை தூக்கி நடக்க முடியாது. தப்பிச்ச எவனாவது இருக்கான்னு துப்புக் கெடச்சா, எத்தனை வயசானாலும் கூட்டமா வந்து தூக்கிட்டுப் போயிருவாக. போலீசும் பாத்துக்கிட்டு நிக்கும்.

என்ன ஜனம் பாருங்க. ஒருத்தன் உடம்பு, அதை ஊரு கூடி நின்னு பாக்குதாக. நாகரிகம் வேண்டாமா? எங்க மொதலாளிட்டயே சொல்லுவேன், எங்க ஊர்ல இப்படி எல்லாம் கிடையாதுன்னு.

இந்தக் கிடுடு இருக்கானே, ரெட்டைப்படை வருசம் ஆகஸ்ட்டுக்கு முந்தியே கம்பாலா லோடு கேப்பான். கம்பாலாதான் அந்த நாட்டுத் தலைநகரு. லோடோட போயி அங்கனயே டெப்போவுல தங்கி, மேளமெல்லாம் அடங்குனப் பொறவு டிசம்பர்லதான் வருவான். எனக்கு முந்தி இருந்த இன்சார்ஜ் ராஜபாளையத்துக்காரரு. ஏன் எதுக்குன்னு கேக்காம எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. நான் கேட்டேன். கேக்கணும்லா? நான் போய்ச் சேந்து ஒரு வருசம்கூட ஆகலை அப்ப.

கதவைச் சாத்திட்டுச் சொன்னான். அவன் இங்கிலீசுலதான் சொன்னான், நான் தமிழ்ல சொல்லுதேன். "சார், எங்க அண்ணன் அதுலதான் செத்தான். நல்லா நின்னான், இமை ஆடலை. புண்ணு சீப்பிடிச்சு பன்னெண்டாம் நாள் போயிட்டான். எங்க அம்மா அன்னைக்கே என்னை லாரியில ஏத்திக் கம்பாலாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. சாகுறப்ப எங்கிட்ட சத்தியம் வாங்குனா, நீ மட்டும் நிக்கக் கூடாதுன்னு. நான் இங்க வேலைக்கு வந்தப்ப, கம்பாலாவுலயே முடிஞ்சிருக்கும்னு எல்லாரும் நெனைச்சுக்கிட்டாக. எம் பொஞ்சாதிக்குத் தெரியும். இப்ப உங்களுக்குத் தெரியும்."

எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. அந்த வருசம் எழுதிக் குடுத்தேன். அடுத்த ரெட்டைப்படை வருசமும் குடுத்தேன். நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரன் இல்ல அண்ணாச்சி.

பொறவு அவன்தான் கெடுத்துக்கிட்டான்.

பேக்கிங்குல சோப்பு காணாமப் போகும். பொம்பளைங்கதான் எடுக்குதாக, இடுப்புத் துணியில சொருகிட்டுப் போறாக. நான் என்ன செஞ்சேன், சாயங்காலம் கேட்டுல வரிசையா நிக்க வச்சு, சுத்தியிருக்க துணியை அவுத்து உதறுன்னேன். உள்ள பாவாடை இருக்கத்தான செய்யுது. ஒருத்தி அழுதா. திருடாதவ எதுக்கு அழணும்? மூணு நாளு நடந்துச்சு. நாலாம் நாளு இந்தக் கிடுடு லோடிங்கை நிப்பாட்டிட்டு வந்து கேட்டுக்குக் குறுக்க நின்னுட்டான். கை ஓங்கலை, கத்தலை. "சார், இவங்க உங்க முன்னால அவுக்க மாட்டாங்க. சோதிக்கணும்னா ஒரு பொம்பளையை வேலைக்கு வைங்க"ன்னான். அதைத்தான் சொன்னான், ஆனா சொன்ன எடம் பாருங்க. அம்புட்டு பொம்பளைங்களுக்கும் முன்னால. மொதலாளி வந்தாரு, விசாரிச்சாரு, என்னைப் பாத்து ஒரு மாதிரி சிரிச்சுட்டு, மறுநாளே ஒரு பொம்பளையைப் போட்டுட்டாரு. நான் கேட்டுப் பக்கம் போனாலே பேக்கிங்குல ஒரு சிரிப்புச் சத்தம். பாஷை தெரியலைன்னா என்ன, சிரிப்புக்கு பாஷை உண்டா?

என்னை ஒரு ஆம்பளைன்னே மதிக்காம, பொம்பளைங்க முன்னால. நீங்க பொறுத்துக்கிடுவீகளா? உப்புப் போட்டுச் சோறு திங்கிறவன் பொறுப்பானா?

ரெட்டைப்படை வருசம் வந்துச்சு. ஜூலையில வந்து நின்னான். "சார், கம்பாலா லோடு." நான் பேப்பரைக் காட்டுனேன், வேற ஒருத்தன் பேரு போட்டாச்சுன்னேன். சம்பளமில்லாத லீவு கேட்டான். சீசன் நேரத்துல முடியாதுன்னுட்டேன். வேலையை விட்டுட்டுப் போறேன்னான். போ, ஆனா மொதலாளி வெளியூர் போயிருக்காரு, வந்து கையெழுத்துப் போட்டாத்தான் கணக்குத் தீரும்னேன். அவன் பொண்ணுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல கம்பெனிதான் எடம் வாங்கிக் குடுத்திருந்துச்சு, பாதியில போனா எடம் போயிரும். அதையும் ஞாபகப்படுத்துனேன். சட்டத்துல உள்ளதைத்தான் சொன்னேன். போயி பெட்டியை அடுக்க ஆரம்பிச்சான். அன்னைக்கு எண்ணிப் பாத்தேன், முப்பத்தொம்பது இருந்துச்சு.

நான் யார்கிட்டயும் சொல்லலை அண்ணாச்சி. இதைத்தான் எம் பொஞ்சாதி நம்ப மாட்டேங்கா. சாமி சத்தியமா சொல்லலை. டீ நேரத்துல பேக்கிங் மேசைப் பக்கம் போனேன். அங்கன வயசான பொம்பளை ஒருத்தி, அவ பேரனுக்கு அந்த வருசம் சடங்கு. சும்மா அரைகுறை இங்கிலீசுல பேச்சுக் குடுத்துக்கிட்டிருந்தேன். அப்ப கேட்டேன், ஆமா, இந்தக் கிடுடு ஏன் எல்லா சீசனுக்கும் கம்பாலா லோடு கேக்கான்னு. அம்புட்டுதான். கேட்டேன். கேக்கது ஒரு குத்தமா? அந்தக் கெழவி டீயைக் குடிக்காம கீழ வச்சா. மேசையில இருந்த அம்புட்டு பேரும் அவளைத் திரும்பிப் பாத்தாக.

இவன் குறுக்க நின்னு காப்பாத்துனானே, அதே பொம்பளைங்கதான். ஒருத்தி வாயை மூடுனாளா? ரெண்டாம் நாளு மத்தியானமே மேளம் கேட்டுக்கு வந்துட்டு.

இரநூறு பேரு இருப்பாக. வாச்மேன் கேட்டைத் தெறந்து விட்டுட்டு அவனும் ஆடுதான். கிடுடு லாரி எடை போடுற மேடை மேல நின்னான். ஓடலை. ஓடியிருக்கலாம், பின்னால சுவரு தாவுற உசரம்தான். தலையைத் திருப்பி, எடை ரூம் ஜன்னல்ல நான் நிக்கதைப் பாத்தான். நான் மேல இருந்தேன், போன் கையில இருந்துச்சு. அவன் என்ன கேட்டான்னு நெனைக்கீக? காப்பாத்துன்னு கேக்கலை. அப்பத்தான் பள்ளிக்கூடம் விட்டு அவன் மக கேட்டுக்குள்ள வந்துட்டா. பத்து வயசு இருக்கும், நீல யூனிபார்மு. தெனமும் அப்பனோட சேந்து வீட்டுக்குப் போக வாறவ. அவளைக் கையைக் காட்டிச் சொன்னான்.

"சார், எம் பொண்ணை உள்ள கூட்டிட்டுப் போயி கதவைச் சாத்திருங்க."

நான் எப்படி எறங்க? அந்தக் கூட்டத்துல? எம் மேல கை வச்சா யாரு பொறுப்பு? அதுவும் போக, வீடியோ ஓடிக்கிட்டிருந்துச்சு.

அவன் பொஞ்சாதியை வீட்டுலேருந்து தள்ளிக்கிட்டு வந்தாக. நம்போசோ அவ பேரு. இம்புட்டு வருசம் மறைச்சியே, ஆம்பளை இல்லாதவன் கூடப் படுத்தியேன்னு மூஞ்சியில துப்புதாக, மாவை அள்ளி எறியுதாக. அவ அழலை. கூட்டத்தைப் பிளந்துக்கிட்டுப் போயி அவனுக்கு நேர் எதிர்ல, ரெண்டு அடியில நின்னா. அவன் கண்ணையே பாத்தா. அவன் பிடரியில கம்பை வச்சாக. சட்டை, கால்சட்டை எல்லாம் உருவுனாக. மாவைப் பூசுனாக. நெத்தியில நரைச்ச முடியில மாவு, அது வேற ஒரு சிரிப்பாணியா இருந்துச்சு.

அவன் அவளைப் பாத்துக்கிட்டே நின்னான். ஒத்தை இமை ஆடலை அண்ணாச்சி. அதை ஒத்துக்கிடணும். வீடியோ பாத்தா அந்த எடத்துல மட்டும் படம் ஆடும்.

ஆனா என்ன பிரயோசனம்? தானா வந்து நின்னாத்தான் மரியாதை. பிடிச்சு நிறுத்துனவனுக்குக் கைதட்டும் கிடையாது, கொடையும் கிடையாது. முடிஞ்சதும் மேளத்தை எடுத்துக்கிட்டுக் கூட்டம் கலைஞ்சு போயிட்டு. எடை மேடையில ரத்தம். அன்னைக்கு நாலு லாரி நின்னு போச்சு, மேடையைக் கழுவச் சொல்லி ஆள் தேட வேண்டியதாப் போச்சு. அந்தப் பிள்ளை கேட்டுப் பக்கத்துல சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டே இருந்தா, பையைக் கூட கழத்தலை.

செத்துக் கித்துப் போகலை. பயந்துராதீக. சீப்பிடிச்சு ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தான், பொழைச்சுட்டான். ஆனா வேலைக்கு வரலை. குடும்பத்தோட ஊரை விட்டே போறதாச் சொன்னாக. பூட்ஸையும் சோத்து டப்பாவையும் எடுக்க அந்த நம்போசோதான் வந்தா. கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தேன். வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்து எம் மேசை முன்னால நின்னா. ஒப்பாரி வைக்கப் போறா, சாபம் விடப் போறான்னு பாத்தேன். மெதுவாத்தான் சொன்னா.

"உங்க போர்வையை நான்தான் துவைச்சேன். நாங்க யார்கிட்டயும் சொல்லலை."

அம்புட்டுதான். போயிட்டா. எதுக்கு அதை வந்து சொன்னாங்கதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை. துவைச்சதுக்குக் கூலி வேணும்னா கேட்டிருக்கலாம்லா?

சரி, இதுக்கும் எம் பொண்ணுக்கும் என்ன சம்மந்தம்னு கேப்பீக. சொல்லுதேன்.

அந்த வீடியோவை எங்க குடும்பக் குரூப்புல போட்டேன். ஆப்பிரிக்கா கூத்து பாருங்கன்னு சிரிக்கிற பொம்மை நாலு வச்சு. எல்லாரும் பாத்தாக. எம் பெரியப்பா மகன் ஒரு பாட்டே சேத்துப் போட்டான். எம் பொண்ணு அவ அம்மை போன்ல பாத்திருக்கா. மறுநாள் கூப்பிட்டா. "அப்பா, அந்த நீல யூனிபார்ம் பிள்ளை யாரு?"ன்னா. அந்த ஆளோட மகதான்னேன். "நீங்கதான் எடுத்தீங்களா?"ன்னா. ஆமான்னேன், பெருமையாத்தான் சொன்னேன். போனை வச்சுட்டா. அதுக்குப் பொறவு எங்கிட்டப் பேச்சைக் கொறைச்சுட்டா. வயசுப் பிள்ளைன்னு நான் விட்டுட்டேன்.

இந்த வருசம் அவ சமைஞ்சுட்டா. எப்ப? அதுதான் கூத்து. நாலு மாசம் மறைச்சிருக்கா அண்ணாச்சி! பெத்த தாய்க்குத் தெரியாம, துணியை அவளே துவைச்சு, மொட்டை மாடியில தாவணிக்கு அடியில காயப் போட்டு. கண்டுபிடிச்சப்ப அவ அம்மை காலைப் பிடிச்சு அழுதிருக்கா, அப்பாட்ட மட்டும் சொல்லாதன்னு. அப்பன் என்ன, பேயா பிசாசா? அவன் எத்தனையோ வருசம் மறைச்சான், இவ நாலு மாசம். மறைக்கவுகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. என்ன இருக்கு இதுல மறைக்க? ஊருக்கே சொல்ல வேண்டிய நல்ல சேதி. நான் உடனே லீவைப் போட்டேன், மண்டபம் பிடிச்சேன், ஃப்ளெக்ஸ் அடிச்சேன். ட்ரோன் கேமராவுக்குக் கூட சொல்லியாச்சு. மேல பறந்து எடுக்கும்.

அந்த ஃப்ளெக்ஸைப் பாத்த அன்னைக்குத்தான் போயிட்டா. ஸ்கூல் பஸ்ஸு அந்த வழியாத்தான் வரும், பயலுவ எல்லாம் ஜன்னல் வழியா எட்டிப் பாத்திருக்கானுவ. பஸ்ஸை விட்டு எறங்கி, பையோட அப்படியே மாமன் வீட்டுக்கு. நேத்து போன்ல கெஞ்சுனேன். மேடையில ஒரு மணி நேரம் நிக்கணும், வேற என்னன்னேன். அவ சொல்லுதா, "அவரைச் சுத்தி நின்னாங்கல்லப்பா, அதே மாதிரி என்னைச் சுத்தி நிப்பாங்க. நீங்க மேல நின்னு வீடியோ எடுப்பீங்க." எதோட எதை முடிச்சுப் போடுதா பாருங்க! மொட்டைத் தலைக்கும் மொழங்காலுக்கும். அவுக காட்டுத்தனம் எங்க, நம்ம சடங்கு எங்க? இங்க மஞ்சத்தண்ணி, பன்னீரு, பட்டு.

எனக்கு ஒரு யோசனை இருக்கு. இன்னைக்கு அவளை உக்கார வச்சு அந்த வீடியோவையே போட்டுக் காட்டப் போறேன். மொதல்ல பாத்தப்ப சின்னப் பிள்ளை, புரிஞ்சிருக்காது. பாரு, எம்புட்டுப் பெரிய வலி, இந்த ஆளு எப்படி நிக்கான் பாரு, ஒரு முணக்கம் உண்டா? உன்னை யாரு வெட்டப் போறா? பட்டைக் கட்டிக்கிட்டுப் பேசாம நில்லு தாயின்னு சொல்லுவேன். அப்பவும் வரலைன்னா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர வேண்டியதுதான். அவ அம்மை வேணும்னா எதிர்ல நிக்கட்டும், இவ அவளைப் பாத்துக்கிட்டே நின்னுரட்டும். எம் மானம் போகக் கூடாதுல்லா.

இப்பச் சொல்லுங்க. எம்மேல என்ன தப்பு? சொல்லலாம், சும்மா சொல்லுங்க.

என்ன, வெளிய பாக்கீக. நேர்ல பாத்தாத்தான் ஞாயம் தெரியும். இருங்க, வீடியோ இதுலதான் இருக்கு. ரெண்டு நிமிசந்தான். சத்தத்தைக் கொறைச்சு வைக்கேன், பக்கத்துல பொம்பளைங்க இருக்காக. மூஞ்சி நல்லாத் தெரியும். இந்தா, இங்க ஓரத்துல நீலமா தெரியுதுல்லா, அதான் அந்தப் பிள்ளை.

ஏன் எந்திரிக்கீக? புளியங்குடிக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கே. இங்க என்ன இருக்கு, வெறும் எலுமிச்சந் தோப்பு, இங்கயா எறங்குதீக? டிக்கெட்டு புளியங்குடிக்குத்தான எடுத்தீக?

அண்ணாச்சி. அண்ணாச்சி, பத்திரிகையைச் சீட்டுலயே விட்டுட்டுப் போறீகளே. எம் பொண்ணு படம் போட்டது.